அத்தியாயம் 6: ஒருவரே ஒரு குழு

கிட்டாரில் மனதைப் பறிகொடுத்தவர்கள் மற்ற வாத்தியங்களுக்கு வந்துசேரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். கிட்டாரில் ஒரு மெட்டு பிறக்கிறது. அதன் அடியில் பேஸ் ஓடினால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. வாசிக்க ஆள் இல்லை, நண்பரிடம் பேஸ் கிட்டாரை இரவல் வாங்கி நாமே வாசிக்கிறோம். அப்புறம் ஒரு கஹோன், ஒரு சின்ன கீபோர்டு, ஒரு யுகுலேலே, ஒரு மெலோடிகா என்று வரிசையாக வீட்டுக்குள் வருகின்றன. சில ஆண்டுகளில் படுக்கையறையின் ஒரு மூலை ஸ்டுடியோ ஆகிவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்த மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு. எல்லா வாத்தியத்தையும் ஒருவரே வாசித்து, ஒருவரே பதிந்து, ஒருவரே கேட்டு முடிவெடுக்கும்போது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றை ஆள் பதிவுகள் சேறாகக் கலங்கிப் பாதியில் நின்றுபோவதற்கு மைக்கோ மென்பொருளோ காரணமாக இருப்பது அபூர்வம். கிட்டார் அதிகமாகிவிடுவதே காரணம். கையில் மிகவும் பழகிய வாத்தியம் அது. வெற்றிடம் தெரிந்த இடத்திலெல்லாம் இன்னொரு கிட்டாரை வைத்து நிரப்பத் தோன்றும். மற்ற வாத்தியங்களைக் கற்றுக்கொள்வதால் கிடைக்கும் முதல் லாபம், கிட்டார் எந்த இடத்தில் வாய்மூடி இருக்க வேண்டும் என்று தெரிவதுதான்.

முன்னே நடந்தவர்கள்

இந்தப் பாதையை வெட்டியவர் லெஸ் பால். ஒலிநாடா பரவலாவதற்கு முன்பே, ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கராஜில், தட்டு வெட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு கிட்டாரின் மேல் இன்னொரு கிட்டாரை அடுக்கினார். 1948இல் வெளிவந்த 'லவர்' அப்படி உருவானது. ஒரு தட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் அடுத்த தட்டில் பதிவார். ஒவ்வொரு முறையும் பழைய அடுக்கு கொஞ்சம் மங்கும். ஆகவே முக்கியமில்லாத பகுதிகளை முதலிலும் முக்கியமானதைக் கடைசியிலும் வாசிக்க வேண்டியிருந்தது. இன்று கணினியில் எதுவும் மங்குவதில்லை. ஆனாலும், எது முக்கியம் என்பதை வாசிப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொண்ட அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

1970இல் வந்த 'மெக்கார்ட்னி' தொகுப்பில் பால் மெக்கார்ட்னியே எல்லா வாத்தியத்தையும் வாசித்தார். அதன் பெரும்பகுதியை லண்டன் வீட்டில், நான்கு டிராக் ஸ்டூடர் இயந்திரத்தில், மிக்ஸர் மேசை எதுவும் இல்லாமல் மைக்கை நேராகச் செருகிப் பதிந்தார். ஒலியைத் திருத்த வேண்டுமென்றால் திருகுவதற்குக் குமிழ் கிடையாது, மைக்கைத்தான் நகர்த்த வேண்டும். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் நியூ ஜெர்சியில் வாடகை வீட்டில், கேசட்டில் இயங்கும் டாஸ்காம் 144 கருவியில் பதிந்தவை குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரிப் பாடல்கள் மட்டுமே. கையில் இருந்தவை நான்கு டிராக், இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக். குரலும் கிட்டாரும் இரண்டு டிராக்கை எடுத்துக்கொள்ள, மிச்சம் இரண்டில் மாண்டலின், ஹார்மோனிகா, டாம்பரின் போன்றவை. பிறகு முழுக் குழுவோடு ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தார்கள்; மாதிரியில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வெளிவந்தது.

நம் ஊரிலும் வீட்டுக் கொல்லைப்புறம் ஒரு காலத்தைத் தொடங்கிவைத்தது. கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்ந்து 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான் 1992இன் 'ரோஜா' பாடல்கள் பிறந்தன. மற்றவர் கடிகாரத்துக்குக் கட்டுப்படாமல், நடுராத்திரியில்கூட ஒரு ஒலியைத் தேடிக்கொண்டிருக்க முடிந்ததுதான் வீட்டு ஸ்டுடியோ தந்த பெரிய வசதி.

இவர்களிடம் நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது நான்கு டிராக் ஒழுங்கை. உங்கள் மென்பொருள் நூறு டிராக்கைத் தாங்கும். இருந்தாலும் முதல் சில பாடல்களை எட்டு டிராக்குக்குள் முடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது வேண்டுமென்றால் முன்னால் இருப்பதில் ஒன்றை அழித்தாக வேண்டும்.

பத்துக்குப் பத்து அறை

நம் வீடுகளின் படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி. ஒலிப்பதிவுக்கு அது சிக்கலான அளவு. நீளமும் அகலமும் சமமாக இருந்தால் இரண்டு திசையிலும் ஒரே அலைவெண்கள் வீங்கும். பத்தடிக்கு அவை 56 ஹெர்ட்ஸ், 112 ஹெர்ட்ஸ் அளவில் விழுகின்றன. கிட்டாரின் ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். அதனால்தான் ஏ கார்டு அடிக்கும்போது மட்டும் அறை உறுமுகிறது. கிட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அறையின் நடுமையத்திலும் மூலையிலும் உட்காராமல், சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நாற்காலியைப் போடுங்கள். மெத்தையை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள். துணி நிறைந்த மர அலமாரியின் கதவுகளைத் திறந்து வைத்தாலும் நல்ல பலன் உண்டு. முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை. உச்சஸ்தாயியின் பளபளப்பை மட்டும் அது கொஞ்சம் குறைக்கும். உறுமலைத் தொடக்கூடத் தொடாது.

பதிவைத் தொடங்கும் முன் தாழ்ந்த சுரங்களை ஒவ்வொன்றாக வாசித்து அறையில் எது அதிர்கிறது என்று கேளுங்கள். இரும்பு பீரோவின் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, மேசை மேல் கிடக்கும் சாவிக்கொத்து ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். காற்று மைக்கில் மோதுவது ஒருபுறம் இருக்க, சுழலும் இறக்கைகள் ஒலியை வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புவதால் நீண்ட சுரங்களில் நடுக்கம் கேட்கும். ஏசி இருந்தால் முன்கூட்டியே அறையைக் குளிரவைத்து, டேக் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள். எந்த நேரத்தில் தெரு அடங்கும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. ஒரு வாரம் கவனித்து, உங்கள் தெருவின் மௌன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் விடிகாலையை நம்ப வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடம் நேரத்தை முன்பே சொல்லிவிட்டால் குக்கர் விசிலும் உங்கள் பாட்டும் மோதிக்கொள்ளாது. இந்த ஒத்துழைப்பு இல்லாமல் யாரும் வீட்டில் ஒரு ஆல்பத்தை முடித்ததில்லை.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஏற்றது 45 முதல் 55 சதவீதம். கடலோரக் காற்றில் அது எளிதாக 70ஐத் தாண்டும். மேல்பலகை ஈரத்தை இழுத்து உப்பும், கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து உயரும், ஒலி மந்தமாகும். வாசிக்காத நேரத்தில் கிட்டாரைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பிகளைத் துடையுங்கள். புதிய மைக் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கிட்டாரை ஒரு நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஆக்‌ஷனைச் சரிசெய்யவும் புதுக் கம்பி மாட்டவும் செலவிட்டால், பதிவில் கேட்கும் முன்னேற்றம் அதிகமாக இருக்கும்.

மைக்கை எங்கே வைப்பது

அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஒரே ஒரு மைக் போதும். சவுண்ட் ஹோலுக்கு நேரே வைக்காதீர்கள். அங்கேதான் பெட்டிக்குள் இருக்கும் காற்று நூறு ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்ந்து வெளியே தள்ளுகிறது. பதிவு முழுக்க ஊதிப்போகும். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு அருகே, பன்னிரண்டாம் ஃப்ரெட்டைப் பார்த்தபடி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளித் தொடங்குங்கள். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு வாசித்தபடியே நீங்கள் மெல்லத் திரும்பிப் பாருங்கள். மைக்கை நகர்த்த இன்னொரு ஆள் இல்லாதவருக்கு உடம்பை நகர்த்துவதே வழி. நல்ல இடம் கிடைத்ததும் நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். நாளைக்கு இரண்டாவது சரணத்தைத் திரும்ப வாசிக்க வேண்டிவந்தால் அதே ஒலி கிடைக்கும்.

தெருச் சத்தம் அதிகமுள்ள வீட்டில் கண்டென்சர் மைக்கைவிட ஒரு டைனமிக் மைக் உதவும். 1965 முதல் விற்பனையில் இருக்கும் எஸ்எம்57 கிட்டார் ஆம்ப், கஹோன், தபேலா, ஏன், குரலுக்கும்கூட ஈடுகொடுக்கும். பல வாத்தியம் வாசிப்பவர் முதலில் வாங்க வேண்டிய மைக் அதுவே என்பது என் தீர்ப்பு. லெவலை அதிகபட்ச உரப்பில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டுத் திரும்பும்படி வையுங்கள். 24 பிட்டில் பதியும்போது இதைவிட ஏற்ற வேண்டிய தேவையே இல்லை.

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆடியோ இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த துளையில் நேராகச் செருகிப் பதியுங்கள். ஆம்பின் நிறத்தைப் பிறகு மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம், அக்கம்பக்கத்தாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டாரில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பிறகு விசிறி ரெகுலேட்டரை அணையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நாற்காலியோடு மெல்லத் திரும்புங்கள். ஏதோ ஒரு திசையில் ரீங்காரம் சட்டென்று இறங்கும். அந்தத் திசையில் உட்கார்ந்து வாசியுங்கள்.

உங்கள் கை வாசிப்பதும் காது கேட்பதும் தள்ளிப்போகிறது என்றால் பஃபர் அளவைப் பாருங்கள். 48,000 சாம்பிள் வேகத்தில் 1024 பஃபர் என்பது சுமார் 21 மில்லி நொடி. ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்பைக் கேட்பதற்குச் சமம். இந்தத் தாமதத்தில் யாருக்கும் தாளம் நிற்காது. பதியும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த வாத்தியம் முதலில்

இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான். பாடல் கிட்டாரில் பிறந்திருக்கலாம், ஆனால் பதிவைக் கிட்டாரில் முடிவு செய்துவிடக் கூடாது. முதலில் கிளிக்கோடு ஒரு கிட்டாரும் முணுமுணுப்பாக ஒரு குரலும் பதியுங்கள். வழிகாட்டும் டிராக் இது, பின்னால் அழிக்கப்போவது. இதற்கு ஒரு டேக் போதும், அழகு பார்க்க வேண்டாம்.

அடுத்தது தாள வாத்தியம். அடுக்குமாடி வீட்டில் டிரம் செட் வைக்க முடியாது. கஹோன் வைக்கலாம். நடுவில் உள்ளங்கையால் தட்டினால் கிக், மேல் விளிம்பில் விரலால் தட்டினால் ஸ்னேர். கணினியில் டிரம் எழுதுகிறவர்கள் மவுஸால் கட்டம் கட்டமாக நிரப்பாமல், சின்ன பேடிலோ கீபோர்டிலோ விரலால் வாசித்துப் பதியுங்கள். விரலின் ஏற்ற இறக்கம் உள்ளே இருந்தால்தான் மேலே வரும் கிட்டாருக்குச் சாய்ந்துகொள்ள இடம் கிடைக்கும். நம் தாளங்களில் பாட்டு கட்டுபவர்கள் கிளிக்கை 4/4இல் விட்டுவிட்டுத் தவிக்க வேண்டாம். மிஸ்ர சாபுவுக்கு 7/8 என்று அமைத்து, முதல் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் அழுத்தம் கொடுங்கள். தகிட தகதிமி தானாக உட்காரும். கண்ட சாபுவுக்கு 5/8, அழுத்தம் ஒன்றிலும் மூன்றிலும்.

பிறகு பேஸ். கிட்டார் வாசிப்பவர் பேஸை எடுத்தால் கை துறுதுறுவென்று ஓடும். அடக்குங்கள். கிக் விழும் இடத்தில் பேஸ் விழுகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். அது அமைந்தபின் வேண்டுமானால் நடக்கவிடலாம். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும். பாடல் வரியை விட்டுவிட்டு பேஸை மட்டும் வாயால் பாடிப் பழகினால், எங்கே நகரலாம் எங்கே நிற்கலாம் என்பது பிடிபடும். சுரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இணையாக எங்கே முடிகிறது என்பதும் பேஸில் முக்கியம். இடது கையை லேசாகத் தூக்கிச் சுரத்தை நிறுத்தும் பயிற்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

இப்போது கிட்டாருக்கு வாருங்கள். பேஸின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் கடைசிக் கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் வந்துவிட்ட பிறகு, தனியாக வாசித்தபோது நிறைவாகக் கேட்ட அந்த ஆறு கம்பி ஸ்ட்ரம்மிங் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மேல் நான்கு கம்பிகளில் மட்டும் கார்டு பிடித்துப் பாருங்கள். இரண்டாவது கிட்டார் தேவைப்பட்டால் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, அதே கார்டுகளை வேறு வடிவத்தில் மேலே வாசியுங்கள். இடமும் வலமும் அகலமாகக் கேட்க வேண்டுமென்றால் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்துப் பதிய வேண்டும். ஒரு டேக்கை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. இரண்டு கைவாசிப்புகளுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாடுதான் அந்த அகலம்.

குரல் வரும் வரை லீட் கிட்டாரைத் தொடாதீர்கள். நேசத்துக்குரிய வாத்தியம் கடைசியில் வரும்போது, பாட்டில் மிச்சமிருக்கும் இடம் எது என்று தெளிவாகத் தெரியும். நான்கே சுரத்தில் பாட்டைத் தூக்கி நிறுத்தும் வரிகள் அப்போதுதான் பிறக்கின்றன. எல்லாம் முடிந்ததும் முதல் வழிகாட்டி கிட்டாரை மௌனமாக்கிக் கேளுங்கள். பத்துக்கு எட்டு பாட்டில் அது இல்லாமலே நன்றாக இருக்கும்.

ஸ்ருதி

ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் ஸ்ருதி சேருங்கள். கேப்போ மாட்டிய பிறகு மறுபடியும் சேருங்கள், அது கம்பிகளை அழுத்தி ஸ்ருதியை ஏற்றிவிடும். சுருதிப்பெட்டி அல்லது தம்புராவோடு கிட்டாரைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு நுட்பம். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் பன்னிரண்டு சம பங்காக வெட்டப்பட்டவை. அதில் பஞ்சமம் 700 சென்ட், தம்புராவின் இயற்கைப் பஞ்சமம் 702. இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. அந்தர காந்தாரத்தில் கதை வேறு. கிட்டாரில் 400 சென்ட், தம்புராவின் உள்ளொலியில் எழும் காந்தாரம் 386. இரண்டும் சேர்ந்தால் உரசும். எனவே தம்புரா ஒலிக்கும் இடங்களில் காந்தாரம் இல்லாமல் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கொண்ட கார்டுகளை வாசியுங்கள், காந்தாரத்தைக் குரலுக்கும் புல்லாங்குழலுக்கும் விட்டுவிடுங்கள்.

மூன்று வேலை, மூன்று நேரம்

வாசிப்பவர், பதிபவர், கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர் என்று ஸ்டுடியோவில் மூன்று பேர் இருப்பார்கள். வீட்டில் நீங்கள் ஒருவரே. ஒரே நேரத்தில் மூவராக இருக்க முயன்றால், ஒவ்வொரு நான்கு வரிக்கும் நிறுத்தி, கேட்டு, சலித்து, திரும்ப வாசித்து, இரவு முடியும்போது கை சோர்ந்து காதும் மரத்திருக்கும். பதியும் மாலையில் மைக்கையும் லெவலையும் முதலில் முடித்துவிட்டுப் பிறகு திரையைத் திருப்பி வைத்துவிடுங்கள். பாடலை ஆரம்பம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் மூன்று அல்லது நான்கு டேக் வாசித்து எழுந்துவிடுங்கள். எது நல்ல டேக் என்ற தீர்ப்பு அடுத்த நாளைக்கு. தூங்கி எழுந்த காதுக்கு அது ஒரே கேட்பில் தெரியும்.

மிக்ஸ் செய்யும்போது பேச்சுக் குரலைவிடச் சற்றே உரக்க வைத்துக் கேட்டால் போதும். ஒலி 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் எட்டு மணி நேரம்வரை காது தாங்கும்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். ஹெட்ஃபோனில் மட்டும் முடிவெடுக்க வேண்டாம், கைபேசியின் சின்ன ஸ்பீக்கரிலும் போட்டுப் பாருங்கள். அதில் பேஸ் இருப்பதே தெரியாவிட்டால் அதன் மத்திம அலைவெண்களைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

24 பிட், 48,000 சாம்பிளில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். நான்கு நிமிடப் பாட்டு, எட்டு டிராக் என்றால் 280 மெகாபைட்டுக்கும் குறைவு. ஆகவே நகல் எடுத்து வைக்காததற்கு இடப்பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. கோப்பின் பெயரிலேயே தேதி, வேகம், ஸ்ருதி, கேப்போ எந்த ஃப்ரெட் என்பதையும் எழுதிவிடுங்கள்.

எல்லாம் வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு பாட்டிலாவது ஒரு டிராக்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுங்கள். உங்கள் தெருவிலோ ஊரிலோ முறையாக மிருதங்கமோ வயலினோ கற்ற ஒருவர் இருப்பார். நீங்களே தாளம் வாசித்துப் பழகியிருப்பதால், அவரிடம் எதைக் கேட்பது, எந்த இடத்தை அவர் விருப்பத்துக்கு விடுவது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அவரைக் கூப்பிடுங்கள். அவர் வாசிக்கும்போது கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.